நூற்றைத் தாண்டிய நாடி

எங்கள் பக்கத்தில் நாடி என்றால் இரண்டு. ஒன்று முகத்தில், உதட்டுக்குக் கீழே இருப்பது. வெளியூர்க்காரர்கள் அதை மோவாய் என்பார்கள். பிள்ளையைக் கொஞ்சுவதென்றால் அதைத்தான் பிடிப்போம். ஒருவரிடம் ஒரு காரியம் வேண்டிக் கெஞ்சுவதென்றாலும் அதைத்தான் பிடிப்போம். மற்றது மணிக்கட்டில் ஓடுவது. அதை வைத்தியர் மட்டும் பிடிப்பார். யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், சித்திரை மாதத்தில், இந்த இரண்டு நாடிக்கும் நடுவே என் அத்தையின் வாழ்வு ஊசலாடியது. ஊசலாடியது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அது ஒரு விளையாட்டு. அதைவிடப் பெரிய விளையாட்டு உலகத்தில் இல்லை என்றுகூட நினைத்தேன்.

அத்தை என்றால் அய்யாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அய்யா தோளில் வளர்ந்தவள். எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பாள். அவளை உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை குமுளிக்கு மேலே மலையாளத்துப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர். மூத்த தாரம் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மனிதருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று ஒரு பை ஏலக்காயைத் தாம்பாளத்தில் கொட்டினார். தொழுவம் வரைக்கும் மணத்தது. அத்தையை ஏறிட்டுப் பார்த்து அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பொண்ணு மலை ஏறுமா?"

குமுளி வரைக்கும்தான் வண்டி. அதற்கு மேல் நடை. "அதெல்லாம் ஏறுவா" என்றார் அய்யா. பிடித்தது புளியங்கொம்பு என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அத்தை அன்றிலிருந்து ஏலக்காய் போட்ட எதையும் வாயில் வைப்பதில்லை. அதை அய்யா கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள், ஆனால் அவள் எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்கிறவள் இல்லை.

நிச்சயம் பேசுகிற சமயத்தில் அத்தைக்கு ஒரு நாள் தலை சுற்றியது. உத்தமபாளையத்திலிருந்து ராவுத்தர் வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்தார். பிறகு கண்ணைத் திறந்து அய்யாவைப் பார்த்தார். "நாடி தறிகெட்டு ஓடுது. நெஞ்சுல பலம் பத்தாது. இதை மலை ஏத்துனீகன்னா தாங்காது" என்றார். வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அத்தையை ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை; உள்வீட்டில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். ஏலமலைக்காரர் பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பினார்: சித்திரை முடியட்டும், பெண் தேறினால் வைகாசியில் தாலி, தேறாவிட்டால் வேறு இடம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமா லீவுக்கு வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. மதுரையில் காலேஜில் சயின்ஸ் படித்தார். கூடப் படிப்பவரிடம் இரவல் வாங்கிய ஒரு கடிகாரம் அவர் சட்டைப்பையில் இருந்தது. மூடியைத் திறந்தால் பெரிய முள், சின்ன முள் போக, அடியில் ஒரு குட்டி வட்டத்துக்குள் ஒரு பொடி முள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ராயப்பன்பட்டி மாதா கோயில் மணி காற்றில் வரும்போதெல்லாம் மாமா அதை வெளியே எடுத்து, கோயில் மணி சரியாக அடிக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பார்.

அத்தை கதையைக் கேட்டதும் மாமா கேட்ட கேள்வி அய்யாவைத் திகைக்க வைத்தது.

"வைத்தியர் கையைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒங்க தங்கச்சி என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு மச்சான்?"

"யாரு கண்டா? தண்ணி சொமந்திருப்பா. மாவாட்டியிருப்பா. அவ எப்ப மாப்ள சும்மா இருந்தா?"

"அப்ப அந்த நாடியை நம்பக்கூடாது. வேலை செஞ்ச ஒடம்பு வேற, சும்மா இருந்த ஒடம்பு வேற. நான் சோதிச்சுக் காட்டுறேன்."

சோதனைக்கு முதல் பலி நானும் தம்பியும். களத்துமேட்டில் எங்களை நிறுத்தி, "ரெண்டு பேரும் நாடியைப் பிடிங்க பாப்போம்" என்றார் மாமா. நான் என் மோவாயைப் பிடித்துக்கொண்டேன். தம்பி இன்னும் புத்திசாலி. ஏதோ கெஞ்சச் சொல்கிறார் என்று நினைத்து, எட்டி மாமாவின் மோவாயைப் பிடித்துக்கொண்டான். மாமா சிரித்த சிரிப்பில் களத்துக் கோழியெல்லாம் பறந்தது. ஆனால் நான் கையை எடுக்கவில்லை. மோவாய்க்கு அடியில், தொண்டைப் பக்கமாக, என் விரலுக்குக் கீழே எதுவோ ஒன்று மெதுவாக மோதிக்கொண்டிருந்தது.

"மாமா, இங்கன துடிக்குது!"

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தார். "ஆமாத்தா. அங்கனயும் ஓடும். நீயா கண்டுபிடிச்ச?" என்றார். அப்புறம் மணிக்கட்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? வாய்க்கால் வரைக்கும் ஓடிப் போய்த் திரும்பி வரச் சொன்னார். வந்து கையைப் பிடித்தேன். மெதுவாக மோதிக்கொண்டிருந்தது இப்போது விரலைத் தள்ளிக்கொண்டு குதித்தது. நான் ஓடியது காலால். காலுக்குத் தெரிந்த சங்கதி கைக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. உட்கார்ந்தேன், என்னைக் கேட்காமலேயே அது மெல்ல மெல்ல அடங்கியது. "நான் தூங்கையிலயும் இது ஓடுமா மாமா?" என்று கேட்டேன். "ஓடும். நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருச்சு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாள் இது எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நான் பாட்டுக்குப் பாண்டி விளையாடிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று முழுக்க நான் எதையும் விடவில்லை. கன்றுக்குட்டியின் கழுத்தைத் தொட்டேன். கோழியைப் பிடித்து அதன் நெஞ்சில் விரல் வைத்தேன். அடேயப்பா, அது எண்ணுகிற வேகமா! சோறு தின்னும்போது இடது கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்து அடி வாங்கினேன். வீட்டில் இருந்த உயிர் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொடி முள் ஓடியது. கண்மாயில் தண்ணீரைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன், மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் வெளியே இருப்பது.

மாமா சும்மா ஓட விட்டுவிடவில்லை. தம்பியின் நாடி ஒரு தரம் ஒரு மாதிரியும் மறுதரம் வேறு மாதிரியும் வந்தது. விசாரித்தால், ஒரு தரம் கூழ் குடித்துவிட்டு ஓடியிருக்கிறான், மறுதரம் வழியில் மாங்காய் பொறுக்க நின்றிருக்கிறான். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, எல்லாத்தையும் மாத்துனா எதனால மாறுச்சுன்னு எப்படிரா தெரியும்? மாத்துறது ஒண்ணு. அளக்கிறது ஒண்ணு. மத்ததெல்லாம் இருந்தபடி இருக்கணும்" என்றார். ஓடுவதா உட்காருவதா, அதை மட்டும் மாற்றலாம், நாடியை அளக்கலாம், வயிறு, வெயில், தூரம், எண்ணுகிற ஆள் எதுவும் மாறக்கூடாது. இன்னொரு சட்டமும் போட்டார்: நாடி எண்ணும்போது எண்ணப்படுகிறவர் பேசக்கூடாது, அசையக்கூடாது, பேசினால் எண்ணிக்கை கெட்டுவிடும். இந்தச் சட்டங்களை நான் கந்த சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம் செய்தேன்.

அத்தை இதையெல்லாம் உள்வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்தரம் எனக்குத் தலை பின்னும்போது விசாரித்தாள். மோவாய்க்கு அடியில் துடிக்கும் இடத்தை அவள் விரலைப் பிடித்து வைத்தே காட்டினேன்.

"ஓடி வந்து ஒக்காந்தா ஒடனே அடங்கிப்போகுமா புள்ள?"

"ஒடனே அடங்காது அத்தை. கொஞ்ச நேரம் குதிக்கும்."

சீப்பு நின்றது. "ஓடத்தான் வேணுமா? ஏறி எறங்குனாலும் குதிக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. நேரே மாமாவிடம் ஓடிக் கேட்டேன். மாமா அசந்துபோனார். "பலே! யாரு கேட்ட கேள்வி இது?" என்றார். பெருமை யாருக்கு வேண்டாம்? நான்தான் என்றேன். "ஏறுனா இன்னும் கூடத்தான் குதிக்கும்" என்றார். அந்தப் பதிலைச் சிந்தாமல் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அத்தைக்குச் சோதனை மறுநாள் விடிந்ததும் தொடங்கியது. மாமாவின் திட்டம் சுத்தமானது. இரவெல்லாம் படுத்திருந்த உடம்பு, வெறும் வயிறு, ஒரே மணைப்பலகை, ஒரே நேரம். இப்படி இருந்தும் நாடி தறிகெட்டு ஓடினால் நெஞ்சில் நோவு இருப்பது நிசம். சாதாரணமாக ஓடினால் வைகாசியில் கல்யாணம். அம்மா, "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்பாக. ஒரு நா பாத்தா போதாதா தம்பி?" என்று கேட்டாள். "எங்க காலேஜ்ல மூணு சோறாவது நசுக்கிப் பாக்கச் சொல்லுவாகக்கா" என்றார் மாமா.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. மாமாவுக்கு அத்தை கட்டிக்கொள்கிற முறை. கல்யாணமாகாத முறைப்பெண்ணின் கையைப் பிடித்தால் ஊர் வேறு கணக்கு எழுதும். மாமாவுக்கு அத்தை மேல் கண் என்று நீங்களும் நினைத்துவிட வேண்டாம். அவர் கண்ணெல்லாம் கடிகாரத்தின் மேல்தான். அதனால் கையைப் பிடித்து எண்ணுகிற வேலை எனக்கு வந்தது. மாமா தூரத்தில் உட்கார்ந்து பொடி முள்ளைப் பார்த்து "உம்" என்பார். நான் எண்ணத் தொடங்க வேண்டும். முள் ஒரு சுற்று வந்து மறுபடி "உம்" என்றால் நிறுத்த வேண்டும்.

அத்தை உள்வீட்டிலிருந்து தலை குனிந்து, பூப்போல அடி வைத்து வந்து பலகையில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தேன். மாமா "உம்" என்றார். கோழியின் நெஞ்சில் நான் தொட்ட வேகம் என் விரலில் வந்து மோதியது. எண்ணினேன், எண்ணினேன், நூறு வந்துவிட்டது. மாமாவோ வாயைத் திறக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் நூறு வரைக்கும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"மாமா, நூறு முடிஞ்சுபோச்சு! இன்னும் ஓடுது!"

அய்யா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ பயமே இல்லை, பிரமிப்புத்தான். எண்ணிக்கை தீர்ந்துபோன பிறகும் ஓடுகிற உயிரை என் விரலில் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது, மூக்கு விரிந்து விரிந்து அடங்கியது, முகம் மட்டும் கோயில் சிலை மாதிரி இருந்தது.

மறுநாளும் அப்படியே. மாமா குழம்பிப்போய் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். பலகையை எடுத்துவிட்டுப் பாயில் உட்கார வைத்தார். என் எண்ணிக்கை மேலேயே சந்தேகம் வந்து, அய்யாவின் ஒரு கையை நானும் மறு கையை அவருமாகப் பிடித்து ஒத்துப் பார்த்தார், ஒத்துத்தான் வந்தது. உள்ளேயிருந்து நாலு எட்டு வைத்து வருவதற்கா இவ்வளவு ஏறும் என்று தானே நடந்து பார்த்துத் தன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் விடியற்காலையில் உள்வீட்டிலிருந்து கிரீச் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அது என்ன என்று தம்பி கேட்டான். "பெருச்சாளி" என்று சொல்லிவிட்டு அம்மா மோர் கடைவதைத் தொடர்ந்தாள்.

மூன்றாம் நாள் சத்தம் இல்லை. கருப்பட்டி திருடுவதற்காக நான் உள்வீட்டுக்குள் பூனை மாதிரி நுழைந்தேன். உள்ளே இருட்டு. நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பக்கத்தில், பரணுக்குச் சாத்திய மூங்கில் ஏணியில், அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். உச்சிக்குப் போனாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். ஏணியின் காலடியில் யாரோ ஒரு சாக்கை நாலாக மடித்து வைத்திருந்தார்கள். அதனால் முனகல்கூட இல்லை. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். மலை ஏற முடியாத அத்தை! எனக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். எங்களைப்போல அவளுக்கும் ஓடிப் பார்க்க ஆசை. வயசுப் பெண் களத்தில் ஓட முடியுமா? அதனால் உள்ளேயே ஏறிப் பார்க்கிறாள். பாவம் அத்தை என்று நினைத்துக்கொண்டேன். இதற்கும் மாமாவின் சோதனைக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்குத் தோன்றவே இல்லை. மாறக்கூடாது என்று மாமா சொன்ன சாமான்களில் ஏணி இல்லையே!

அத்தை இறங்கித் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அதற்குள் வெளியே மாமா கூப்பிட்டுவிட்டார்.

பலகையில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தேன். நூறு முடிந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி வெகுதூரம் போய்விட்டேன். மாமா கடிகாரத்தை மூடினார். நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"ஏத்தா, நீ இப்ப உள்ளயிருந்துதானே வந்த? அங்கன அத்தை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

சொல்ல வாயைத் திறந்தேன். ஏணி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது அத்தையின் மறு கை மெதுவாக வந்து என் நாடியைப் பிடித்தது, முகத்து நாடியை. ஈரமான விரல்கள். நான் அவளுக்குக் காட்டிக்கொடுத்த அதே இடத்தில், மோவாய்க்கு அடியில் வந்து பதிந்தன. அவள் கண் என் கண்ணை விட்டு நகரவில்லை.

ஆகா, அத்தை என் நாடியை எண்ணுகிறாள்! நான் அவளுடையதைப் பிடித்திருக்க, அவள் என்னுடையதைப் பிடித்திருக்கிறாள். எண்ணும்போது பேசினால் கெட்டுவிடும் என்று சட்டம். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். மூச்சைக்கூட அடக்கினேன்.

"ஒன்னையத்தான் கேக்குறேன்" என்றார் மாமா.

நான் அசையவில்லை.

"புள்ளைய ஏன் தம்பி மெரட்டுற? உள்ள என்ன சர்க்கஸா நடக்குது? படுத்துக் கெடந்தவ எந்திரிச்சு வந்தா" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அய்யா வந்து அத்தையின் தலையில் கை வைத்தார். நான் அவர் அழுது பார்த்தது அன்று ஒரு தரம்தான். "போதும் மாப்ள. சோதிச்சது போதும். என் தங்கச்சி உசுரைக் குடுத்து வாங்குற ஏலக்காயில எனக்கு என்ன மணக்கப்போகுது? ஆள் அனுப்பிச் சொல்லிருவோம்" என்றார். அத்தை அப்போதுதான் என் நாடியை விட்டாள். விட்டவள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கல்யாணம் நின்ற துக்கம் என்று அய்யா நினைத்தார். நானும் அதையேதான் நினைத்தேன். அம்மா உள்வீட்டுக்குள் போய் அந்தச் சாக்கை எடுத்து வந்து, வாசலில் உதறி, மாட்டுத் தீவனம் கட்டப் போட்டுவிட்டாள். பெருச்சாளியும் அதோடு ஒழிந்தது.

அத்தையின் நெஞ்சு நோவு அந்த மழைக்காலத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பின்னால் பண்ணைப்புரத்தில் தன் வயசுக்கு ஏற்ற, காடு கரை உழுத ஒரு சம்சாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். புல்லுக்கும் விறகுக்கும் மலைச் சரிவில் அவள் ஏறிய ஏற்றத்தை ஏலமலைக்காரர் பார்த்திருந்தால் வயிறெரிந்திருப்பார். எண்பது வயது தாண்டியும் அந்த நாடி ஓடியது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு மத்தியானம் நடந்தது. அழுது முகம் கழுவிய அத்தையிடம் போய், எனக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்டேன்.

"அத்தை, என் நாடி எத்தனை வந்துச்சு?"

அத்தைக்குப் புரியவில்லை. காலையில் எண்ணினாயே என்று என் மோவாயைத் தொட்டுக் காட்டினேன். என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நூறுக்கு மேல என் ஆத்தா. ஒனக்கும் நூறுக்கு மேலதான்" என்றாள்.

நூறுக்கு மேல்! துள்ளிக்கொண்டு களத்துமேட்டுக்கு ஓடினேன். மாமா புளியமரத்தடியில் கடிகாரத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோற்றுப்போன முகம்.

"மாமா, என் நாடியும் நூறுக்கு மேலயாம்!"

"யாரு சொன்னது?"

"அத்தைதான். காலையில நீங்க என்னைய கேள்வி கேக்கையில எண்ணுனாக. அதான் நான் பேசல."

"எங்கன பிடிச்சு எண்ணுச்சு?"

"இங்கன" என்று என் மோவாயைப் பிடித்துக் காட்டினேன்.

மாமா என்னைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். தலையைத் திருப்பி உள்வீட்டுச் சன்னலை வெகுநேரம் பார்த்தார். அந்தச் சன்னலுக்கு உள்ளே பரண் இருந்தது அவருக்கும் தெரியும். ஏறினால் கூடத்தான் குதிக்கும் என்று சொன்னவரும் அவர்தான். "ஒண்ணை விட்டுட்டேன்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். அய்யா தொழுவத்திலிருந்து, "என்ன மாப்ள, ஏதாச்சும் புடிபட்டுச்சா?" என்று கேட்டார்.

மாமா கடிகாரத்தைப் பையில் போட்டார். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கையை நீட்டி, மெதுவாக என் நாடியைப் பிடித்தார்.

கடிகாரம் இல்லாமல் மாமா எப்படி எண்ணுவார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான். வாயை மூடிக்கொண்டு, அசையாமல் நின்றேன்.